கென்யாவில் கவுண்டி ஆளுநரைப் பதவிநீக்கும் விசாரணை: பொதுப்பணக் குற்றச்சாட்டு எப்படி எடைபோடப்படுகிறது

2024 அக்டோபர் தொடக்கத்தில், கென்யாவின் கெரிச்சோ கவுண்டிப் பேரவையில் இருந்த 47 உறுப்பினர்களில் 31 பேர் தங்கள் ஆளுநர் எரிக் முத்தாயைப் பதவியிலிருந்து நீக்க வாக்களித்தார்கள். குற்றச்சாட்டுகளில் பொதுப்பண முறைகேடும் இருந்தது. தீர்மானம் நாட்டின் மேலவையான செனட்டுக்குப் போனது. இரண்டு வாரங்களுக்குள் செனட் அதைத் தள்ளுபடி செய்துவிட்டது. பணம் என்னவாயிற்று என்ற கேள்விக்குள் அது நுழையவே இல்லை. சட்டம் கேட்பது மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவு. 47-இல் மூன்றில் இரண்டு பங்கு 31.33, அதை எட்ட 32 உறுப்பினர்கள் வேண்டும், ஆளுநரின் வழக்குரைஞர்கள் எழுப்பிய இந்த ஆட்சேபணையைச் செனட் ஏற்றுக்கொண்டது.

இத்தகைய செய்தியை முதன்முறையாகப் படிப்பவருக்கு இது ஏமாற்று வேலையாகத் தோன்றக்கூடும். மக்கள் பணம் களவாடப்பட்டதா இல்லையா என்பதைச் சொல்லாமல் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்களே என்ற எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் பதவிநீக்க விசாரணை என்ற ஏற்பாடு எந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்காக உருவாக்கப்பட்டது என்பது புரிந்தால் எரிச்சல் சற்றுக் குறையும். கவுண்டியின் பணம் தவறாகச் செலவானது என்று காட்டுவது இந்த விசாரணைகளில் எளிதான பாதி. அந்தத் தவறை இந்த ஆளுநரின் செயலோடு பிணைத்துக் காட்டுவதும், அதை உரிய எண்ணிக்கையோடும் உரிய முறையோடும் செய்வதும்தான் கடினமான பாதி. தோற்றுப்போன தீர்மானங்களை எடுத்துப் பார்த்தால், அவை பெரும்பாலும் இந்த இரண்டாவது பாதியில்தான் இடறியிருக்கின்றன.

முதலில் பின்னணி. 2010-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம் கென்யாவை 47 கவுண்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளுநரையும் ஒரு பேரவையையும் கொடுத்தது. இந்த ஆளுநர் மேலிருந்து நியமிக்கப்படுபவர் அல்லர். ஐந்தாண்டுப் பதவிக்காலத்துக்கு மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர். இரண்டு முறைக்கு மேல் அப்பதவியை வகிக்க முடியாது. பொதுச் சுகாதாரம், வேளாண்மை, கவுண்டிச் சாலைகள், மழலையர் கல்வி போன்றவை கவுண்டிகளின் பொறுப்பில் விடப்பட்டன. அதற்கேற்பப் பணமும் வந்தது. நாட்டின் வருவாயில் 15 விழுக்காட்டுக்குக் குறையாத பங்கு கவுண்டிகளுக்குச் செல்ல வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் கட்டளை. 2021-22 நிதியாண்டில் இவ்வாறு 47 கவுண்டிகளுக்கும் சேர்த்துப் பகிர்ந்தளிக்கப்பட ஒதுக்கப்பட்ட தொகை 37,000 கோடி கென்ய ஷில்லிங். அதுவரை தலைநகர் நைரோபியின் அமைச்சகங்கள் கையாண்ட பணத்தில் கணிசமான பகுதி, 2013 தேர்தலுக்குப் பிறகு புதிதாக முளைத்த 47 நிர்வாகங்களின் கைக்குப் போனது. பதவிநீக்கத் தீர்மானங்கள் அடுத்த ஆண்டே தொடங்கிவிட்டதில் வியப்பில்லை.

பணம் நடக்கும் பாதை

விசாரணையில் பேசப்படுவதைப் பின்தொடர, கவுண்டியின் பணம் யார் யார் கை வழியாக நகர்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். மத்திய அரசு அனுப்பும் பங்கும் உள்ளூர்க் கட்டணங்களும் கவுண்டி வருவாய் நிதியில் சேர்கின்றன. அந்த நிதியிலிருந்து பணம் எடுக்க வேண்டுமானால், வரவுசெலவுக் கட்டுப்பாட்டாளர் என்ற தன்னாட்சி அதிகாரி ஒப்புதல் அளிக்க வேண்டும். எதற்கு எவ்வளவு செலவிடலாம் என்பதைக் கவுண்டிப் பேரவையே நிதி ஒதுக்கச் சட்டமாக நிறைவேற்றுகிறது. (ஆளுநர்மேல் குற்றம் சாட்டும் அதே உறுப்பினர்கள்தாம் வரவுசெலவுத் திட்டத்துக்கும் கை தூக்கியவர்கள், விசாரணை மேடையில் இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை.) ஒவ்வொரு துறையிலும் செலவுக்குப் பொறுப்பேற்பவர், கணக்குப் பொறுப்பு அதிகாரி என்று நியமிக்கப்படும் துறையின் தலைமை அலுவலர். ஆண்டு முடிந்ததும் தலைமைத் தணிக்கையாளர் கணக்குகளைச் சோதித்து அறிக்கை தருகிறார்.

ஒரு சாலைப் பணியின் கோப்பைக் கற்பனை செய்துகொள்வோம். அதில் முதல் தாள், துறை எழுதிய தேவைக் குறிப்பு. அடுத்து ஒப்பந்தப்புள்ளி விளம்பரம். பிறகு ஒப்பந்தப்புள்ளிகளை மதிப்பிட்ட குழுவின் அறிக்கை. அந்தக் குழுவை நியமித்தவர் கணக்குப் பொறுப்பு அதிகாரி. அதன்பின் ஒப்பந்ததாரருக்குப் போன அறிவிப்புக் கடிதம், கையெழுத்தான ஒப்பந்தம், வேலை முடிந்தது என்று ஆய்வுக் குழு கொடுத்த சான்று, கடைசியாகப் பணம் வழங்கும் சீட்டு. சாலை போடப்படவே இல்லை, ஆனால் சான்று இருக்கிறது, பணமும் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். தணிக்கையாளர் அந்த இடத்துக்கே சென்று பார்த்து, சாலை இல்லை என்று எழுதிவிடுவார். களவு நடந்ததற்கு இதைவிடத் தெளிவான தடயம் வேண்டியதில்லை. ஆனால் கோப்பை முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை புரட்டினாலும் ஆளுநரின் கையெழுத்து எங்கும் இருக்காது. சட்டப்படி அவர் அதில் கையெழுத்திட வேண்டிய இடமே இல்லை.

இரு தரப்பு வழக்குரைஞர்களும் மோதிக்கொள்வது இந்த இடத்தில்தான். குற்றம் சாட்டும் தரப்பு 2012-ஆம் ஆண்டின் கவுண்டி அரசுகள் சட்டத்தைத் தூக்கிப் பிடிக்கும். கவுண்டியின் வளங்கள் நிர்வகிக்கப்படுவதற்கும் பயன்படுத்தப்படுவதற்கும் ஆளுநரே பதில்சொல்லக் கடமைப்பட்டவர் என்று அச்சட்டத்தின் 30-ஆம் பிரிவு சொல்கிறது. எதிர்த்தரப்பு அதே ஆண்டின் பொது நிதி மேலாண்மைச் சட்டத்தைக் காட்டும். செலவுக்கும் ஆவணங்களுக்கும் பொறுப்பாளி கணக்குப் பொறுப்பு அதிகாரி என்று அது வகுத்திருக்கிறது. இரண்டும் செல்லுபடியாகும் சட்டங்களே. அரசியல் பொறுப்பு மேலே இருப்பவருடையது, நிதிப் பொறுப்பு கீழே இருப்பவருடையது என்று பிரித்துச் சொல்லிவிடலாம். ஆனால் பதவியைப் பறிக்க முதலாவது மட்டும் போதுமா, இரண்டாவதும் வேண்டுமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

தணிக்கை அறிக்கையைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. ஆவணச் சான்றில்லாத செலவு, உரிய போட்டியின்றி நடந்த கொள்முதல், தீர்க்கப்படாத முன்பணம், ஒப்பந்ததாரர்களுக்குக் கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் தேங்கிய நிலுவைகள் என அறிக்கைகளில் வரும் குறிப்புகள் பலவகை. இவற்றில் சில களவின் அடையாளம். சில வெறும் சோம்பலின் அடையாளம். ரசீது பிறகு கிடைத்தால் தீர்ந்துவிடும் குறிப்புகளும் உண்டு. ‘இத்தனை கோடி ஷில்லிங்குக்குக் கணக்கில்லை’ என்ற தலைப்புச் செய்தி, ‘இத்தனை கோடி ஷில்லிங் களவுபோனது’ என்று வாசிக்கப்படும்போது பொதுவிவாதம் வழுக்கிவிடுகிறது. தணிக்கையாளர் கேள்வி எழுப்புபவர். தீர்ப்பு எழுதுவது அவர் வேலையில்லை.

பேரவையில் முதல் கட்டம்

ஆளுநரை எந்தக் காரணங்களுக்காக நீக்கலாம் என்பதை அரசமைப்புச் சட்டத்தின் 181-ஆவது உறுப்பு வரையறுக்கிறது. அரசமைப்புச் சட்டத்தையோ வேறு சட்டத்தையோ கடுமையாக மீறியது, குற்றம் இழைத்திருக்கிறார் என்று நம்ப வலுவான காரணங்கள் இருப்பது, பதவியைத் தவறாகப் பயன்படுத்தியது அல்லது கடும் ஒழுங்கீனம், உடல் அல்லது மனநிலை காரணமாகப் பணியாற்ற இயலாமை என்பவையே அவை. பொதுப்பணக் குற்றச்சாட்டு பெரும்பாலும் முதல் தலைப்பின்கீழ் வரும்; கொள்முதல் சட்டமும் நிதி மேலாண்மைச் சட்டமும் மீறப்பட்டன என்று அது எழுதப்படும். திறமையற்ற நிர்வாகம் என்பது இந்தப் பட்டியலில் இல்லை. அதற்கான தண்டனையை அடுத்த தேர்தலில் மக்கள் வழங்கிக்கொள்ளட்டும் என்று சட்டம் விட்டுவிட்டது.

மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் ஆதரித்துக் கையெழுத்திட்டால் பேரவையில் ஓர் உறுப்பினர் தீர்மானத்தைக் கொண்டுவரலாம். மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்து நிறைவேற்றினால், சபாநாயகர் இரண்டு நாட்களுக்குள் செனட் சபாநாயகருக்கு அறிவிக்க வேண்டும். ஆளுநர் இந்தக் கட்டத்தில் பதவியை இழப்பதில்லை; செனட்டின் முடிவு வரும்வரை கோப்புகளைப் பார்த்துக்கொண்டு அலுவலகத்தில்தான் இருக்கிறார். ‘பேரவை ஆளுநரை நீக்கியது’ என்று செய்திகள் எழுதுவது பழக்கமாகிவிட்டாலும், பேரவை செய்வது குற்றம் சாட்டுவது மட்டுமே.

எண்ணிக்கை பற்றிய தகராறு கெரிச்சோவில் ஒரு முறையோடு ஓயவில்லை. 2025 ஆகஸ்டில் அதே பேரவை அதே ஆளுநருக்கு எதிராக மீண்டும் தீர்மானம் கொண்டுவந்து, இம்முறை 33 வாக்குகள் பதிவானதாக அறிவித்தது. வாக்குப்பதிவு மின்னணு முறையில் நடந்திருந்தது. ஆனால் பட்டியலில் பெயர் இருந்த உறுப்பினர்களில் சிலர், தாங்கள் வாக்களிக்கவே இல்லை என்று செனட்டின் முன் சொன்னார்கள். யாருடைய விரல் எந்தத் திரையைத் தொட்டது என்று மணிக்கணக்கில் விசாரணை நடந்தது. மாத இறுதியில், தேவையான எண்ணிக்கை எட்டப்படவில்லை என்று செனட் முடிவுசெய்தது. பண விவகாரம் இரண்டாம் முறையும் பேசப்படாமலே போயிற்று. ஒரு மக்கள் பிரதிநிதியை வீட்டுக்கு அனுப்பும் வாக்கு உண்மையான வாக்காக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை என்பதை ஒப்புக்கொண்டாலும், கெரிச்சோ மக்களுக்குத் தங்கள் பணத்தைப் பற்றிய பதில் இந்த வழியில் இரு முறையும் கிடைக்கவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை.

செனட்டில் இரண்டு வாசல்கள்

தீர்மானம் வந்துசேர்ந்த ஏழு நாட்களுக்குள் செனட் கூட வேண்டும். அப்போது அதன் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. பதினொரு உறுப்பினர்கள் கொண்ட சிறப்புக் குழுவை அமைத்து விசாரிக்கச் சொல்லலாம். அல்லது முழு அவையே நேரடியாக விசாரிக்கலாம். இது வெறும் நடைமுறை விவரம்போலத் தோன்றும். உண்மையில் ஆளுநரின் தலைவிதியைப் பெரிதும் தீர்மானிப்பது இந்தத் தேர்வுதான். சிறப்புக் குழு பத்து நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். குற்றச்சாட்டுகள் நிறுவப்படவில்லை என்று குழு சொல்லிவிட்டால் விவகாரம் அங்கேயே முடிந்துவிடும். செனட்டில் வாக்கெடுப்பே கிடையாது. பல ஆண்டுக் கணக்கு வழக்குகளைப் பதினொரு பேர் பத்து நாட்களில் அலசி முடிக்க வேண்டும் என்ற ஏற்பாடு, என் பார்வையில், இந்தச் சட்டத்தின் மிகப் பலவீனமான கண்ணி.

கிரின்யாகா ஆளுநர் ஆன் வைகுருவின் விவகாரம் இந்த முதல் வாசல் வழியாகச் சென்றது. 2020 ஜூனில் அவருடைய பேரவையின் 33 உறுப்பினர்களில் 23 பேர் அவருக்கு எதிராக வாக்களித்தார்கள். செனட் சிறப்புக் குழுவை அமைத்தது. அதே மாதம் குழு, குற்றச்சாட்டுகள் நிறுவப்படவில்லை என்று அறிக்கை கொடுத்தது. அவர் பதவியில் நீடித்தார். மேரு கவுண்டியின் காவிரா முவாங்காசா இரண்டு வாசல்களையும் பார்த்தவர். 2022 டிசம்பரில் சிறப்புக் குழு அவரை விடுவித்தது. 2023 நவம்பரில் முழு அவை விசாரித்து விடுவித்தது. 2024 ஆகஸ்டில் முழு அவையே மூன்றாம் முறை விசாரித்து, குற்றச்சாட்டுகளை நிலைநிறுத்தி அவரை நீக்கியது. வாக்கெடுப்பில் தோற்ற தீர்மானத்தை மூன்று மாதங்கள் கழிந்த பிறகு மீண்டும் கொண்டுவரலாம் என்று சட்டம் அனுமதிப்பதால், ஒரே ஆளுநர்மேல் இப்படித் திரும்பத் திரும்பப் படையெடுக்க முடிகிறது.

முழு அவை விசாரணை நாளில் செனட் ஏறத்தாழ நீதிமன்றமாக மாறிவிடும். சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் உயர் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் உண்டு. குற்றச்சாட்டுகள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும். ஆளுநர் ஒவ்வொன்றுக்கும் தாம் குற்றவாளி இல்லை என்று மறுமொழி கூறுவார். பேரவையின் வழக்குரைஞர்கள் சாட்சிகளை உறுதிமொழியின்பேரில் நிறுத்துவார்கள். ஆளுநரின் வழக்குரைஞர்கள் குறுக்கு விசாரணை செய்வார்கள். பிறகு செனட்டர்களின் கேள்விகள். அடுத்து ஆளுநர் தரப்பின் முறை. எல்லாம் இரண்டு மூன்று நாட்களில் முடிந்து, ஒவ்வொரு குற்றச்சாட்டின்மீதும் தனித்தனியாக வாக்கெடுப்பு நடக்கும். ஒரு கவுண்டிக்கு ஒரு வாக்கு என்ற கணக்கில் 47 வாக்குகள்; பெரும்பான்மைக்கு 24 வேண்டும். பல குற்றச்சாட்டுகளில் ஒன்றே ஒன்று நிலைநிறுத்தப்பட்டாலும் போதும், ஆளுநர் அந்த நொடியில் பதவியை இழக்கிறார்.

பேரவை உறுப்பினர் ஒருவர் சாட்சிக்கூண்டில் படும் பாட்டைக் கவனித்தால் விசாரணையின் இயல்பு விளங்கும். தணிக்கை அறிக்கையின் பக்க எண்ணை அவர் மனப்பாடமாகச் சொல்வார். எதிர்த்தரப்பு வழக்குரைஞர் அதை மறுக்கவே மாட்டார். மாறாக, இந்தக் கொள்முதலுக்கு ஆளுநர் எழுத்தில் உத்தரவிட்டாரா, அந்தக் கடிதம் எந்த இணைப்பில் இருக்கிறது, மதிப்பீட்டுக் குழுவில் அவர் உட்கார்ந்தாரா, பணம் அவருடைய கணக்குக்கோ குடும்பத்தாரின் நிறுவனத்துக்கோ திரும்பி வந்ததற்குச் சான்று உண்டா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பார். பதில் ‘இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்’ என்ற வகையில் இருந்தால் குற்றச்சாட்டு அங்கே தளர்ந்துவிடும். துறையின் தலைமை அலுவலரே வந்து, தமக்கு யார் என்ன உத்தரவு கொடுத்தார்கள் என்று சொன்னால் நிலைமை வேறு. பேரவைகள் பல நேரங்களில் தணிக்கை அறிக்கையை நம்பிக் களமிறங்கி, இந்த ஒரு சாட்சியைத் தேடிப் பிடிக்க மறந்துவிடுகின்றன.

எவ்வளவு நிரூபித்தால் போதும்

குற்ற வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். உரிமையியல் வழக்கில் எந்தப் பக்கம் நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பது போதும். பதவிநீக்க விசாரணையில் இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் அளவுகோலைச் செனட் குழுக்கள் கையாண்டு வந்திருக்கின்றன. இதற்கு மேல் இரண்டு நிபந்தனைகள் உண்டு. மீறல் எதுவாக இருந்தாலும் போதாது, அது பாரதூரமானதாக இருக்க வேண்டும். அந்த மீறலுக்கும் ஆளுநருக்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டும்.

இந்த அளவுகோல்கள் உருவான காலத்தில் மையத்தில் நின்றவர் எம்பு கவுண்டியின் மார்ட்டின் வம்போரா. மக்காச்சோள விதை வாங்கியதிலும் எம்பு விளையாட்டரங்கப் பணியிலும் கொள்முதல் விதிகள் மீறப்பட்டன என்பது அவர்மேல் எழுந்த புகார். 2014 பிப்ரவரியில் செனட் அவரை நீக்கியது. கென்யாவில் அப்படி நீக்கப்பட்ட முதல் ஆளுநர் அவரே. நீதிமன்றம் ஏற்கெனவே பிறப்பித்திருந்த இடைக்கால உத்தரவை மீறி நடவடிக்கை நடந்தது என்று கூறி உயர் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. சில வாரங்களில் பேரவையும் செனட்டும் இரண்டாம் முறை அவரை நீக்கின. வழக்கு மேலும் கீழுமாக அலைந்து, 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அவருக்குச் சாதகமாக முடிந்தது. 2017 தேர்தலில் அவர் மீண்டும் வென்றார். பின்னர் 47 ஆளுநர்களின் கூட்டமைப்பான ஆளுநர்கள் மன்றத்துக்கே தலைவரானார். எம்புவில் விதை வாங்கிய விவகாரத்தில் விதிமீறல் இல்லவே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை; கீழே நடந்த விதிமீறலை மேலே இருந்தவர்மீது ஏற்றத் தேவையான பாலம் கட்டப்படவில்லை என்பதே அந்த நீண்ட வழக்கிலிருந்து பிறகு வந்தவர்கள் எடுத்துக்கொண்ட பாடம்.

அரசியல் இதில் எவ்வளவு என்று கேட்கப்படலாம். நிறையவே உண்டு. பேரவை உறுப்பினர்கள் தங்கள் வட்டாரங்களுக்கு வர வேண்டிய திட்டப்பணிகளையும் கல்வி உதவித்தொகையையும் ஆளுநர் முடக்கிவைக்கிறார் என்ற மனக்குறையிலிருந்துதான் பல தீர்மானங்கள் முளைக்கின்றன. செனட்டிலும் கட்சிக் கணக்குகள் வேலை செய்கின்றன. ஆனால் அரசியல் இருக்கிறது என்பதற்காகக் குற்றச்சாட்டு பொய்யாகிவிடாது. மனக்குறை உள்ளவரே கோப்பைத் தேடி எடுக்கும் ஊக்கம் உள்ளவராகவும் இருப்பார். அரசமைப்புச் சட்டத்தை எழுதியவர்கள் இந்தத் தீர்ப்பை நீதிபதிகளிடம் விடாமல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் விட்டது தெரிந்தே செய்த ஒன்று. அதே நேரத்தில் குற்றம் சாட்டுபவரும் தீர்ப்பளிப்பவரும் வெவ்வேறு அவையினராக இருக்க வேண்டும் என்று பிரித்துவைத்தது, உள்ளூர்ப் பகை நேராகத் தீர்ப்பாகிவிடக் கூடாது என்ற எச்சரிக்கையால்.

நீக்கப்பட்ட பிறகு

நீக்கப்பட்ட ஆளுநர் அநேகமாக மறுநாளே நீதிமன்றப் படியேறுவார். முவாங்காசா 2024-இல் அப்படிப் பெற்ற இடைக்கால உத்தரவின் பலத்தில் பல மாதங்கள் பதவியில் தொடர்ந்தார். 2025 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்த பிறகே துணை ஆளுநர் பதவியேற்க முடிந்தது. செனட்டின் முடிவு சரியா என்று நீதிமன்றம் மறுபடி எடைபோடுவதைவிட, நடைமுறை நேர்மையாக நடந்ததா, பதில் சொல்ல ஆளுநருக்குப் போதிய வாய்ப்பு இருந்ததா, காரணங்கள் சட்டம் சொல்லும் தலைப்புகளுக்குள் அடங்குகின்றனவா என்பதையே பெரும்பாலும் பார்க்கிறது.

வழக்கமாகத் துணை ஆளுநர் எஞ்சிய பதவிக்காலத்துக்கு ஆளுநராவார். நைரோபியில் அது சிக்கலாயிற்று. மைக் சோன்கோ 2020 டிசம்பர் 17 அன்று செனட்டில் 27 வாக்குகளால் நீக்கப்பட்டபோது, துணை ஆளுநர் இடம் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளாகக் காலியாகக் கிடந்தது. எனவே பேரவைச் சபாநாயகர் தற்காலிகமாகப் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. சோன்கோ உச்ச நீதிமன்றம்வரை போராடினார். 2022 ஜூலையில் அந்நீதிமன்றமும் அவருடைய நீக்கம் செல்லும் என்றது. அதோடு, அந்த ஆண்டுத் தேர்தலில் மொம்பாசா ஆளுநராகப் போட்டியிடும் அவருடைய முயற்சியும் முடிவுக்கு வந்தது. பொதுப்பதவியைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் கண்டறியப்பட்டவர் தேர்தலில் நிற்கத் தகுதியிழப்பார் என்பது அரசமைப்புச் சட்டத்தின் விதி. ஓர் அரசியல்வாதிக்குப் பதவி போவதைவிட இதுவே பெரிய இழப்பு.

சிறைத்தண்டனையும் பண மீட்பும் இந்த விசாரணையின் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. செனட் யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது, போன பணத்தைத் திருப்பித் தரச் சொல்லவும் முடியாது. அவற்றுக்கு நெறிமுறை மற்றும் ஊழல் தடுப்பு ஆணையமும், அரசுத் தரப்பு வழக்குத் தொடுப்பாளரும், குற்றவியல் நீதிமன்றமும் தனிப் பாதையில் நடக்க வேண்டும். சட்டத்துக்குப் புறம்பாகப் பொதுப்பணத்தைச் செலவிட உத்தரவிட்டவரோ ஒப்புதல் கொடுத்தவரோ, பதவியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்கிறது 226-ஆவது உறுப்பு. இரண்டு பாதைகளின் வேகமும் எவ்வளவு வேறுபடும் என்பதற்குக் கியாம்பு ஆளுநராக இருந்த ஃபெர்டினாண்ட் வைட்டிட்டுவின் வழக்கைப் பார்க்கலாம். 2019 டிசம்பரில் பேரவையின் 92 உறுப்பினர்களில் 63 பேர் அவருக்கு எதிராக வாக்களித்தார்கள். ஆறு வாரங்களுக்குள், 2020 ஜனவரி 29 அன்று, செனட் அவரை நீக்கிவிட்டது. 58.8 கோடி ஷில்லிங் மதிப்புள்ள சாலை ஒப்பந்தம் தொடர்பாக அவர்மேல் 2019-இலேயே தொடங்கியிருந்த குற்ற வழக்கில் தீர்ப்பு வந்தது 2025 பிப்ரவரியில்: 5.35 கோடி ஷில்லிங் அபராதம், கட்டத் தவறினால் 12 ஆண்டுச் சிறை. அவர் மேல்முறையீடு செய்தார்.